ஸ்விட்ச் கன்ஃபிக்கில் பாஸ்வேர்டும் கீயும் தெரிகின்றன: மறைத்தால் போதுமா?

துவாஸ்_நெட்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வேலை அண்மையில் எங்கள் கைக்கு வந்தது. கோர் (நடு ஸ்விட்சுகள்), அக்சஸ் (கருவிகள் நேரடியாக இணையும் ஸ்விட்சுகள்) எல்லாம் சிஸ்கோ. கிடங்கில் பழைய அருபா ஸ்விட்சுகள். வெளி இணைப்புக்கு ஒரு ஜோடி ஜூனிப்பர். ஆடிட் செய்தவர்கள் ஒரு குறை எழுதியிருக்கிறார்கள்: "கன்ஃபிக் காட்சியில் பாஸ்வேர்டுகளும் கீகளும் படிக்கக்கூடிய வடிவில் உள்ளன." அவர்கள் சொன்னது உண்மைதான். ஷோ ரன் (தற்போதைய கன்ஃபிக்கைக் காட்டும் கட்டளை) அடித்தால் ரேடியஸ் கீ (லாகினைச் சரிபார்க்கும் சர்வரோடு பேச), எஸ்என்எம்பி கம்யூனிட்டி (கண்காணிப்புக்கான ரகசியச் சொல்), ஓஎஸ்பிஎஃப் கீ (ரவுட்டர்கள் வழித்தகவல் பகிர) எல்லாம் அப்படியே எழுத்தெழுத்தாகத் தெரிகின்றன.

மேனேஜர் சொல்வது, "சர்வீஸ் பாஸ்வேர்டு-என்கிரிப்ஷன் போடு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, குறையை மூடிவிடலாம்." அது போதுமா?

இன்னொன்று. ஒரு ஸ்டாக் (ஒன்றாக இணைத்த ஸ்விட்சுகள்) பிரச்சினைக்காக வெண்டரிடம் கேஸ் திறந்திருக்கிறோம். முழு ஷோ ரன் வேண்டும் என்கிறார்கள். கீகளோடு எப்படி அனுப்புவது?


கன்சோல்கேபிள்

தம்பி, போதாது. ஏன் என்பதை மேனேஜரிடம் எடுத்துச் சொல்லும் அளவுக்கு விவரமாக எழுதுகிறேன்.

சிஸ்கோவில் ரகசியத்தை எந்த முறையில் மறைத்திருக்கிறது என்பதை டைப் எண் சொல்லும். அந்தக் கட்டளை செய்வது டைப் 7. அது என்கிரிப்ஷன் இல்லை, எழுத்தைக் கலைத்துப் போடுவது. எல்லா சிஸ்கோ பெட்டியிலும் ஒரே நிலையான எழுத்துத் தொடர் உள்ளே இருக்கிறது. காட்சியில் தெரியும் முதல் இரண்டு இலக்கம், அந்தத் தொடரில் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லிவிடும். மீட்டெடுக்கும் நிரல் 1995 முதலே பொதுவெளியில் இருக்கிறது. வலைத்தளத்தில் ஒட்டினால் நொடியில் மூல எழுத்து வந்துவிடும்.

அதைவிட முக்கியம், அந்தக் கட்டளை எஸ்என்எம்பி கம்யூனிட்டியைத் தொடவே தொடாது. போட்ட பிறகும் உங்கள் ஷோ ரன்னில் கம்யூனிட்டி பழையபடியே நிற்கும். ஆக, ஆடிட் எழுதிய குறைகூட முழுசாக மூடாது.

கன்ஃபிக்கில் இருக்கும் ரகசியங்களை இரண்டாகப் பிரியுங்கள். முதல் வகை, யாரோ தட்டுவதை ஸ்விட்ச் சரிபார்க்க மட்டும் தேவைப்படுவது: லாகின் பாஸ்வேர்டு, எனேபிள் சீக்ரெட். இதற்கு ஒருவழி ஹேஷ் (மூலத்தைத் திரும்பப் பெற முடியாத கணக்கீடு) போதும், மூலம் ஸ்விட்சுக்கே தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது வகை, ஸ்விட்ச் தானே எடுத்துப் பயன்படுத்த வேண்டியது: ரேடியஸ் கீ, டக்காக்ஸ் கீ (இதுவும் லாகின் சரிபார்ப்புக்கு), ஓஎஸ்பிஎஃப் கீ, என்டிபி கீ (கடிகாரத்தை ஒத்திசைக்க). இவற்றை ஹேஷ் செய்ய முடியாது. பாக்கெட் அனுப்பும்போது ஸ்விட்சுக்கு மூலம் வேண்டும். எனவே திரும்பப் பெறும் வடிவில்தான் எங்கோ இருந்தாக வேண்டும். காட்சியில் எப்படித் தெரிகிறது என்பதைவிட, திறக்கும் மாஸ்டர் கீ எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

முதல் வகைக்கு: டைப் 5 என்பது எம்டி5, இன்று பலவீனம். டைப் 4 வந்த வேகத்தில் போனது. உப்பும் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தற்செயல் எழுத்து) இல்லை, திரும்பத் திரும்ப ஹேஷ் செய்வதும் இல்லை, எஸ்எச்ஏ-256 ஒரே சுற்று. 2013-இல் சிஸ்கோவே அதை ஒப்புக்கொண்டது. இன்று டைப் 8 அல்லது டைப் 9. எட்டு என்பது பிபிகேடிஎஃப்2, 20,000 சுற்று. ஒன்பது என்பது எஸ்கிரிப்ட். இரண்டும் வேண்டுமென்றே மெதுவாக்கிய ஹேஷ் முறைகள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ 2022 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டியில் லாகினுக்கு டைப் 8-ஐயும், திரும்பப் பெற வேண்டிய கீகளுக்கு டைப் 6-ஐயும் (மாஸ்டர் கீ வைத்துச் செய்யும் ஏஇஎஸ் என்கிரிப்ஷன்) சொன்னது. ஆடிட்டரிடம் காட்ட அந்த ஒரு ஆவணம் போதும்.


செங்காங்_அக்கா

டைப் 6 பற்றி நான் சேர்க்கிறேன். நான் நிதித் துறையில் இருக்கிறேன், எங்களுக்கு இது பழகிய விஷயம்.

இரண்டு வரிகள்: "கீ கன்ஃபிக்-கீ பாஸ்வேர்டு-என்கிரிப்ட்" என்று மாஸ்டர் கீயைக் கொடுங்கள், பிறகு "பாஸ்வேர்டு என்கிரிப்ஷன் ஏஇஎஸ்". அந்த மாஸ்டர் கீ ஷோ ரன்னில் வராது, பேக்கப்பிலும் வராது. நல்லதுதான். ஆனால் ஸ்விட்ச் பழுதாகி மாற்றுப் பெட்டி வந்து, நடுராத்திரியில் பேக்கப்பை ஏற்றினால், மாஸ்டர் கீ கொடுக்காதவரை ரேடியஸ், டக்காக்ஸ் எதுவும் வேலை செய்யாது. பெட்டி உயிரோடு இருக்கும், உள்ளே நுழைய லோக்கல் அக்கவுன்ட் ஒன்றுதான் வழி. எனவே மாஸ்டர் கீயை வால்ட்டில் (ரகசியங்களைப் பூட்டி வைக்கும் இடம்) வையுங்கள். இரவுப்பணியில் இருப்பவருக்கு அந்த வால்ட்டைத் திறக்கும் முறையும் எழுத்தில் இருக்கட்டும்.

எல்லா கட்டளையும் எல்லா ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) பதிப்பிலும் டைப் 6-ஐ ஏற்காது. போட்ட பிறகு ஷோ ரன்னில் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்: 6 என்று மாறியதா, இன்னும் 7 என்றே நிற்கிறதா.

எஸ்என்எம்பிக்கு மறைக்கிற வேலையே வேண்டாம். எஸ்என்எம்பியின் 2சி பதிப்பில் கம்யூனிட்டி கம்பியில் போகும்போதே திறந்த எழுத்துதான், காட்சியில் மட்டும் மறைத்து என்ன பயன்? மூன்றாம் பதிப்புக்குப் போங்கள். அதில் யூசர் விவரம் சிஸ்கோவின் ஷோ ரன்னில் வராது, "ஷோ எஸ்என்எம்பி யூசர்" அடித்தால்தான் தெரியும், அங்கும் பாஸ்வேர்டு வராது. அந்தக் கீ பெட்டியின் எஞ்சின் ஐடியோடு (அந்தப் பெட்டிக்கே உரிய அடையாளம்) கட்டப்பட்டது. பெட்டி மாறினால் யூசரைப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். மாற்றுப் பெட்டிக்கான குறிப்பில் இதையும் எழுதி வையுங்கள்.


புதுவரவு

அண்ணே, அக்கா, ஒரு சந்தேகம். நான் போலிடெக்னிக் முடித்து இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறேன். டாலர் குறியோடு $9$ என்று தொடங்கினால் அது பாதுகாப்பான ஹேஷ் என்று பயிற்சியில் சொன்னார்கள். அப்படித் தொடங்கும் வரிகளை டிக்கெட்டில் (பழுதுப் பதிவில்) ஒட்டலாமா?


ஜூனிப்பர்பக்கம்

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டது மிக நல்லது. எந்த வெண்டர் பெட்டி என்று பார்க்காமல் அந்தக் குறியை நம்பக் கூடாது.

சிஸ்கோவில் $9$ என்பது எஸ்கிரிப்ட் ஹேஷ், வலுவானது. ஜூனிப்பரின் இயங்குதளமான ஜூனோஸில் அதே $9$ வெறும் எழுத்துக் கலைப்பு. டைப் 7 போலத்தான், திறக்கும் நிரல் எங்கும் கிடைக்கும். ரேடியஸ் கீ, பிஜிபி கீ (வெளி நெட்வொர்க்குகளோடு வழித்தகவல் பகிர) எல்லாம் ஜூனோஸில் அப்படித்தான் தெரியும். பயிற்சியில் சிஸ்கோ மட்டும் படித்துவிட்டு ஜூனிப்பர் கன்ஃபிக்கை வெளியே ஒட்டும் ஆள்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

$8$-லும் இதே குழப்பம். சிஸ்கோவில் அது பிபிகேடிஎஃப்2 ஹேஷ், மூலத்தைத் திரும்பப் பெற முடியாது. ஜூனோஸில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தால் வரும் ஏஇஎஸ்-256 என்கிரிப்ஷன், மாஸ்டர் பாஸ்வேர்டு உள்ளவர் திறக்கலாம். ஜூனோஸின் லாகின் ஹேஷ் $5$ அல்லது $6$ என்று தொடங்கும்.

துவாஸ்_நெட், உங்கள் ஜூனிப்பர் ஜோடிக்கு இரண்டு வேலை. "செட் சிஸ்டம் மாஸ்டர்-பாஸ்வேர்டு" கட்டளையால் மாஸ்டர் பாஸ்வேர்டு வையுங்கள், $9$ எல்லாம் $8$ ஆகும். வெளியே அனுப்பும்போது "ஷோ கன்ஃபிகரேஷன்" பின்னால் குழாய்க்குறி போட்டு "எக்ஸெப்ட் சீக்ரெட்-டேட்டா" கொடுங்கள். ஜூனோஸ் தானே ரகசிய வரிகளின் முடிவில் அந்தக் குறிப்பைப் போட்டு வைத்திருக்கிறது, அதனால் அந்த வரிகள் கழியும். இந்த ஒரு விஷயத்தில் ஜூனோஸைப் பாராட்ட வேண்டும். எது ரகசியம் என்று பெரும்பாலும் பெட்டிக்கே தெரிகிறது.


இரவுப்பணி

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. தொழிற்சாலையில் லைன் நின்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் நிர்வாக விஎல்ஏஎன் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி) தனி, உள்ளே வருபவர்கள் நாங்கள் சிலர்தான். ஷோ ரன்னை வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? பின்னால் நின்று திரையைப் பார்ப்பவரிடமிருந்து மறைக்க டைப் 7 போதும், அது அதற்காகவே வந்தது. கீயை மறைத்து மறைத்து, கடைசியில் பழுது பார்க்கும் ஆளிடமிருந்தே மறைத்துவிடுகிறோம். செங்காங் அக்கா சொன்ன அந்த நடுராத்திரி நிலையில் நிற்பவன் நான்தான்.


கன்சோல்கேபிள்

இரவுப்பணி, உங்கள் கவலையை மதிக்கிறேன். மாஸ்டர் கீ கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு யாருக்கும் உதவாது. அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

ஆனால் "யார் பார்க்கப் போகிறார்கள்" என்பதில் உடன்பட முடியவில்லை. கன்ஃபிக் ஸ்விட்சிலேயே தங்குவதில்லை. உங்கள் லேப்டாப்பின் டெர்மினல் லாக்கில் ஒரு நகல். டிக்கெட்டில் ஒரு நகல். வெண்டரின் கேஸில் ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் படமாக ஒன்று. பேக்கப் சர்வரில் தினமும் ஒன்று. வேலையை விட்டுப் போனவரின் மெயிலில் ஒன்று. நிர்வாக விஎல்ஏஎன் இவற்றில் எதையும் காக்காது.

2018-இல் புது ஸ்விட்சைத் தானாக அமைக்கும் சிஸ்கோவின் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியை, டிசிபி 4786 போர்ட்டை, உலகமெங்கும் தேடிப் பிடித்து கன்ஃபிக் கோப்புகளை உருவினார்கள். உருவிய கோப்பில் டைப் 7 இருந்தால் திறந்த எழுத்து இருந்ததற்குச் சமம். நம் ஊர்ச் செய்தியே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 18-ஆம் தேதி அமைச்சர் கா. சண்முகம் யுஎன்சி3886 என்ற இணைய ஊடுருவல் குழு நம் முக்கிய உள்கட்டமைப்பைத் தாக்கிவருவதாக வெளிப்படையாகச் சொன்னார். அதே குழுவைப் பற்றி இணையப் பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்ட் அந்த ஆண்டு மார்ச்சில் எழுதிய அறிக்கையைப் படித்துப் பாருங்கள். ஜூனிப்பர் ரவுட்டர்களுக்குள் நுழைய, நெட்வொர்க் கருவிகளை நிர்வகிக்கும் டெர்மினல் சர்வர் வழியாக, உண்மையான லாகின் விவரங்களோடு வந்திருக்கிறார்கள். பூட்டை உடைக்கவில்லை, சாவியோடு வந்தார்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது அந்தச் சாவிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பதைத்தான்.


கிடங்கு_அருபா

பழைய அருபா, அதாவது ப்ரோகர்வ் வழி வந்த பெட்டிகள் பற்றி. இவை சிஸ்கோவுக்கு நேர் எதிர். இயல்பு நிலையில் மேனேஜர், ஆபரேட்டர் பாஸ்வேர்டுகள் ஷோ ரன்னிலேயே வராது. யாராவது "இன்க்ளூட்-கிரெடென்ஷியல்ஸ்" போட்டிருந்தால் மட்டும் காட்சிக்கும் கன்ஃபிக் கோப்புக்கும் வரும். முதலில் "ஷோ இன்க்ளூட்-கிரெடென்ஷியல்ஸ்" அடித்து நிலையைப் பாருங்கள்.

சும்மா அதை எடுத்துவிட்டால் காட்சி சுத்தமாகும், ஆனால் பேக்கப்பில் அந்த விவரங்கள் இருக்காது. அந்தக் கோப்பைப் புதுப் பெட்டியில் ஏற்றினால் பாஸ்வேர்டு இல்லாத ஸ்விட்ச் ஒன்று கிடங்கில் திறந்தபடி நிற்கும். இரண்டும் வேண்டுமென்றால் "என்கிரிப்ட்-கிரெடென்ஷியல்ஸ்". அதற்கு உங்கள் சொந்தப் பகிர்வுக் கீயைக் கொடுங்கள். கோப்பில் கீகள் என்கிரிப்ட் ஆகியே இருக்கும், அதே பகிர்வுக் கீ உள்ள பெட்டிதான் அதைப் புரிந்துகொள்ளும்.

பின்னால் அருபாவின் புதிய சிஎக்ஸ் வரிசைக்கு மாறப் போகிறீர்கள் என்றால் "சர்வீஸ் எக்ஸ்போர்ட்-பாஸ்வேர்டு" கட்டளையை மறக்க வேண்டாம். சிஎக்ஸ் ஷோ ரன்னில் எல்லாம் சைஃபர்டெக்ஸ்ட் (மறைகுறி எழுத்து) என்று அழகாகத் தெரியும், ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் எக்ஸ்போர்ட் பாஸ்வேர்டு எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். மாற்றாதவரை உங்கள் கோப்பை இன்னொருவரின் சிஎக்ஸ் ஏற்றுக்கொள்ளும்.


துவாஸ்_நெட்

எல்லாருக்கும் நன்றி. இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. மேனேஜரிடம் இந்த இழையையே காட்டினேன். கம்யூனிட்டியை அந்தக் கட்டளை தொடாது என்பதை லேப் ஸ்விட்சில் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

வெண்டருக்கு அனுப்புவது பற்றி: "எக்ஸ்க்ளூட்" போட்டு பாஸ்வேர்டு, சீக்ரெட், கீ, கம்யூனிட்டி என்ற சொற்கள் உள்ள வரிகளைக் கழித்து அனுப்பலாம் என்று நினைக்கிறேன். சரியா?


செங்காங்_அக்கா

சரியில்லை. இப்படி வடிகட்டிய கோப்புகளில் என்ன தப்பிக்கும் என்று சொல்கிறேன்.

"எஸ்என்எம்பி-சர்வர் ஹோஸ்ட்" வரி. ட்ராப் (ஸ்விட்ச் தானே அனுப்பும் எச்சரிக்கை) அனுப்பும் முகவரி, பதிப்பு, கடைசியில் கம்யூனிட்டியே அப்படியே நிற்கும். ஆனால் "கம்யூனிட்டி" என்ற சொல் அந்த வரியில் இல்லை. உங்கள் வடிகட்டி அதை விட்டுவிடும். பெரும்பாலான இடங்களில் ட்ராப்புக்கும் படிப்பதற்கும் ஒரே கம்யூனிட்டிதான்.

எச்எஸ்ஆர்பி-யின் (ஒரு ரவுட்டர் விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் வசதி) "ஸ்டாண்ட்பை ஆதென்டிகேஷன்" வரியை எம்டி5 இல்லாமல் திறந்த எழுத்தில் எழுதியிருந்தால் அதிலும் அந்த நான்கு சொல்லும் வராது. "ஆர்க்கைவ்" கீழே "பாத்" வரியைப் பாருங்கள். எஃப்டிபி முகவரிக்குள்ளேயே யூசரும் பாஸ்வேர்டும் சேர்த்து எழுதியிருப்பார்கள், முழுக்கத் திறந்த எழுத்தில். இன்டர்ஃபேஸ் டிஸ்கிரிப்ஷனில் மோடத்தின் பாஸ்வேர்டை எழுதி வைக்கும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. அதை எந்தச் சொல்லை வைத்துப் பிடிப்பீர்கள்?

கேஸுக்கு ஷோ ரன் பதிலாக "ஷோ டெக்-சப்போர்ட்" கொடுங்கள். சிஸ்கோ அதில் பாஸ்வேர்டு, கம்யூனிட்டி இடங்களில் "நீக்கப்பட்டது" என்ற குறியைத் தானே போடும். பின்னால் "பாஸ்வேர்டு" என்ற சொல்லைச் சேர்த்து அடித்தால் மட்டும் எல்லாம் வெளிவரும், அந்த வடிவத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அப்படி எடுத்த கோப்பையும் நான் மேலே சொன்ன வரிகளுக்காக ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பல பெட்டிகளின் கோப்புகளைத் தர வேண்டியிருந்தால் நெட்கோனன் என்ற இலவசக் கருவி உண்டு. பாஸ்வேர்டுகளை மறைப்பதோடு ஐபி முகவரிகளையும் ஒரே சீராக மாற்றித் தரும், சப்நெட் உறவு கெடாது.

பேக்கப்புக்கு ஆக்சிடைஸ்டு என்ற கருவி வைத்திருந்தால் "ரிமூவ் சீக்ரெட்" அமைப்பு உண்டு, ரான்சிட் என்ற கருவியில் "ஃபில்டர் பாஸ்வேர்ட்ஸ்". அப்படிக் கழித்த பேக்கப்பை வைத்து மட்டும் பெட்டியை மீட்க முடியாது. கழித்த நகலை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், முழு நகலை என்கிரிப்ட் செய்து தனியாக வையுங்கள்.


கன்சோல்கேபிள்

இன்னும் ஒரு இடம் விட்டுப்போனது: லாக். சிஸ்கோவில் கன்ஃபிக் மாற்றங்களைப் பதிவு செய்யும் "லாக் கன்ஃபிக்" வசதியை ஆன் செய்து சிஸ்லாக்குக்கு (லாக்குகளைச் சேகரிக்கும் சர்வர்) அனுப்பினால், நீங்கள் தட்டிய கட்டளை அப்படியே போகும், புதுப் பாஸ்வேர்டோடு. அதன் கீழ் "ஹைட்கீஸ்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கீ மாற்றும் வேலையைத் தொடங்கும் முன் இதைப் போடுங்கள். இல்லாவிட்டால் புதுக் கீகள் முதல் நாளே சிஸ்லாக் சர்வரில் போய் உட்காரும்.

ஹெல்ப்டெஸ்க் ஆள்களுக்குக் குறைந்த பிரிவிலேஜ் (அனுமதி நிலை) கொடுத்திருப்பீர்கள். அவர்களுக்கு ஷோ ரன் அளந்துதான் காட்டும். ஆனால் யாரோ வசதிக்காக "ஷோ ஸ்டார்ட்டப்-கன்ஃபிக்"கை அந்த நிலைக்கு இறக்கியிருந்தால் முழுக் கோப்பும் வரும். அதையும் சோதியுங்கள்.


இரவுப்பணி

டிஸ்கிரிப்ஷன் வரியில் பாஸ்வேர்டு என்று அக்கா சொன்னதும் போய்ப் பார்த்தேன். எங்கள் பெட்டிகளிலும் இருக்கிறது. எனக்கு முந்தையவர்கள் வைத்தது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், ஆனால் வால்ட் பற்றிச் சொன்னதில் நிற்கிறேன்: இரவு ஷிப்டில் இருப்பவருக்கு இன்னொருவரின் ஒப்புதலுக்காகக் காத்திராமல் திறக்கும் அவசர வழி வேண்டும். திறந்தது பதிவாகட்டும், திறந்த பிறகு கீ மாறட்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை.


புதுவரவு

கீயை டிக்கெட்டில் ஒட்டினால் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் குற்றம் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா?


செங்காங்_அக்கா

அந்தச் சட்டத்தில் அணுகுகுறியீட்டை (பாஸ்வேர்டு, கீ போன்றவை) அனுமதியின்றி வெளியிடுவது பற்றிப் பிரிவு உண்டு. அது தெரிந்தே, ஆதாயத்துக்காகவோ சட்டவிரோத நோக்கத்துக்காகவோ தீங்கு வரும் என்று அறிந்தோ வெளியிடுவதைப் பற்றியது. வேலைக்காக டிக்கெட்டில் ஒட்டியவரை அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பயந்தவர் ஒட்டியதைச் சொல்லாமல் விடுவார், கீ மாறாமல் அப்படியே கிடக்கும். அதுதான் பெரிய ஆபத்து. நிதித் துறைக்குத் தனிக் கடமை உண்டு: சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையச் சுகாதார அறிவிப்பு 2020 ஆகஸ்ட் 6-இல் முதலில் நடப்புக்கு வந்தது, நிர்வாக அக்கவுன்ட்களைக் காப்பதும் பாதுகாப்புத் தரங்களை எழுத்தில் வைப்பதும் அதில் வருகின்றன.


துவாஸ்_நெட்

முடிவு எடுத்துவிட்டோம். ஹைட்கீஸ் முதலில், பிறகு டைப் 8, டைப் 6, எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பு. பழைய கீகள் எங்கெல்லாம் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாததால் எல்லாக் கீகளையும் மாற்றப் போகிறோம். கடைசிக் கேள்வி: ரேடியஸ் கீயை எல்லா ஸ்விட்சிலும் மாற்றும்போது லாகின் அறுந்து போகாமல் எப்படி? எங்களிடம் இரண்டு ரேடியஸ் சர்வர்.


கன்சோல்கேபிள்

இரண்டு சர்வர் இருப்பது உங்கள் நல்ல நேரம். சர்வர் பக்கம் ஒரு ஸ்விட்சின் ஐபிக்குப் பொதுவாக ஒரு கீதான் வைக்க முடியும். எனவே இரண்டையும் ஒரே இரவில் தொடாதீர்கள். முதலில் இரண்டாவது சர்வரில் புதுக் கீ, பிறகு ஒவ்வொரு ஸ்விட்சிலும் அந்தச் சர்வருக்கு மட்டும் புதுக் கீ. அதுவரை முதல் சர்வர் பழைய கீயோடு வேலை செய்யும். "டெஸ்ட் ஏஏஏ" கட்டளையால் இரண்டாவது சர்வரை மட்டும் சோதியுங்கள். எல்லா ஸ்விட்சும் தேறிய பிறகு முதல் சர்வருக்கு வாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு கீ கொடுங்கள், ஒரு பெட்டியின் கோப்பு வெளியே போனாலும் மற்றவை தப்பிக்கும். ஸ்கிரிப்ட் வைத்துச் செய்தால் அது கூடுதல் வேலை இல்லை.

வேலை தொடங்கும் முன் "கன்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 10" என்று உள்ளே போங்கள். பத்து நிமிடத்தில் "கன்ஃபிகர் கன்ஃபர்ம்" கொடுக்காவிட்டால் பெட்டி தானே பழைய கன்ஃபிக்குக்குத் திரும்பும். இதற்கு ஆர்க்கைவ் பாத் வேண்டும், ஃபிளாஷையே கொடுங்கள், எஃப்டிபி முகவரி வேண்டாம். லோக்கல் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டை அன்று மாலையே ஒருமுறை தட்டிப் பாருங்கள், கோர் பெட்டிக்குக் கன்சோலில் ஓர் ஆள் இருக்கட்டும்.


துவாஸ்_நெட்

ஞாயிறு நள்ளிரவுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன், கிடங்கு அக்சஸ் ஸ்விட்சுகளில் தொடங்குகிறோம். இரவுப்பணி அண்ணே, அவசர வால்ட் முறை பற்றி உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், எங்கள் ஷிப்ட் ஆள்களோடு உட்கார்ந்து பேச அது வேண்டும்.


இரவுப்பணி

அனுப்பிவிட்டேன். எங்கள் பெட்டிப் பெயர்களை நீக்கியிருக்கிறேன், மற்றபடி அப்படியே பயன்படுத்துங்கள்.